1984 புல்லட்டும் பதினாலாம் நம்பர் ஸ்பேனரும்

என் மாமாவின் புல்லட் 1984 மாடல். காஸ்ட் அயர்ன் எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அதன் ஓட்டமெல்லாம் தூத்துக்குடியில் வீட்டுக்கும் உப்பளத்துக்கும் இடையில்தான். பாத்தி ஓரமாக நிறுத்தி வைத்தால் சாயங்காலத்துக்குள் டேங்க் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். மாமா தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பார். துணி போன இடமெல்லாம் இன்றைக்கும் பளபளப்பாக இருக்கிறது. துணி போகாத ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மாமாவுக்கு இப்போது முட்டி வலி, கிக்கர் உதைக்க முடியாது. வண்டி என் கைக்கு வந்துவிட்டது. நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, பட்டறைக்காரி இல்லை. ஆனால் இந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் நானே கழற்றி நானே மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. போன கோடையில் எஞ்சின் அடியிலிருந்து கிராங்க் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எஞ்சினை இறக்கினால்தான் வேலை ஆகும் என்று தெரிந்துவிட்டது.

டேங்க், கார்பரேட்டர், சைலன்சர், பிரைமரி செயின் பக்கம் எல்லாம் சிரமம் இல்லாமல் கழன்றன. நின்றது ஒரே இடத்தில். சேஸிஸின் முன் குழாய் கீழே வந்து முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இருக்கும். எஞ்சின் பிளேட் என்பார்கள். இடது தகடு, நடுவில் எஞ்சினின் அடிக்கூடான அலுமினியக் கிராங்க் கேஸ், வலது தகடு என்று மூன்றையும் ஊடுருவிக்கொண்டு ஒரு ஸ்டட், அதாவது இரண்டு முனையிலும் மரை போட்ட தலையில்லாத கம்பி, போகிறது. இரண்டு முனையிலும் நட்டு. முன் சக்கரம் வாரி இறைக்கிற தண்ணீரும் மண்ணும் நேரே அங்கேதான் வந்து விழும். உப்பளத்துச் சாலையில் ஓடிய வண்டி என்றால் அது வெறும் தண்ணீராகவும் இருக்காது.

இடது பக்க நட்டுக்கு மூலையே இல்லை. ஆறு முனையும் மழுங்கி, விரலை வைத்துச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் முன் பிளேட் ஆடுகிறது என்று இறுக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு மாட்டியது பதினாலாம் நம்பர் ஸ்பேனர் என்று மாமாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. “கொஞ்சம் லூசா இருந்துச்சு மருமகளே, பையன் ஒரு துணியை உள்ள வச்சு இறுக்குனான்” என்றார்.

பழைய புல்லட் வைத்திருக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பதினாலு விஷயத்தைத்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் தொங்குகிற ஸ்பேனர் எல்லாம் மி.மீ. கணக்கு. 1984-இல் வந்த புல்லட்டோ இங்கிலாந்துக்காரன் மரையில் வந்த வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த வரைபடங்களோடு இஞ்சுக் கணக்கும் வந்தது. ஊரெல்லாம் மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் இந்த எஞ்சின் அப்படியேதான் இருந்தது.

இஞ்சு ஸ்பேனரைக் கையில் எடுத்தால் அதன் மேல் ‘1/4 டபிள்யூ’ என்றும் ‘5/16 பி.எஸ்.’ என்றும் சேர்த்து அடித்திருக்கும். கால் இஞ்சு என்றால் 6.35 மி.மீ. ஆனால் ஸ்பேனர் வாயை அளந்தால் 13.34 மி.மீ. வரும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் இங்கேதான் குழம்பிப் போவார்கள். அந்த எண் ஸ்பேனர் வாயின் அகலம் இல்லை. அந்த ஸ்பேனர் எந்தத் தடிமன் போல்ட்டுக்குப் பொருந்துமோ அந்தத் தடிமன். டபிள்யூ என்பது 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை, பி.எஸ். என்பது 1908-இல் வந்த நெருக்கமான பி.எஸ்.எஃப் மரை. நெருக்க மரை போல்ட்டுக்குத் தலை ஓர் அளவு சின்னது. அதனால்தான் ஒரே வாய்க்கு இரண்டு எண்.

இப்போது பொருத்திப் பாருங்கள். நட்டின் அகலம் 13.34. பதிமூன்று ஸ்பேனர் நுழையாது. பதினாலு நுழையும், ஆனால் 0.66 மி.மீ. இடைவெளியோடு நுழையும். அந்த இடைவெளியில் ஸ்பேனர் சற்றே திரும்பி, நட்டின் தட்டையான பக்கத்தை விட்டுவிட்டு மூலையை மட்டும் பிடிக்கும். கை கொடுக்கிற அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டில் போய் விழும். நல்ல இரும்பாக இருந்தாலும் அந்தக் கோடு நசுங்கத்தான் செய்யும். மற்ற நட்டுகளுக்கும் இதே கதை. 15.24 அகலம் உள்ளதற்குப் பதினாறைப் போடுவார்கள், 11.30-க்குப் பன்னிரண்டைப் போடுவார்கள். 18.03 மட்டும் தப்பித்துவிடும், பதினெட்டு அதில் சரியாக உட்காரும். பழைய புல்லட் ஒன்றைச் சுற்றி வந்து பாருங்கள். எந்த நட்டு மழுங்கியிருக்கிறது, எது முழுசாக இருக்கிறது என்பதில் இந்தக் கணக்கு அப்படியே தெரியும்.

என் வெர்னியரில் மூலைக்கு மூலை அளந்தேன். 15.4 இருக்க வேண்டிய இடத்தில் 14.4 தான் இருந்தது.

பைக் மெக்கானிக்குகளிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்: “கட் பண்ணி எடுத்துரலாம் மேடம்.” அறுப்பது கஷ்டமில்லை. அறுத்தால் நட்டு போகும், ஸ்டட் உள்ளேயே நிற்கும். கிராங்க் கேஸுக்குள் இரும்பு பிடித்துக்கொண்டு நின்றால் அதை எப்படி எடுப்பது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. கேஸ் உடைந்தால் இந்த மாடலுக்கு நல்ல கேஸ் தேடி அலைய வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை.

திரேஸ்புரத்தில் போட் எஞ்சின் பார்க்கிற ஓர் அண்ணாச்சியை எனக்குத் தெரியும்; அவர் மகள் என்னிடம் படித்தவள். உப்புத் தண்ணீரில் கிடந்து துருப்பிடித்த போல்ட்டு கழற்றுவது அவருக்கு அன்றாட வேலை. போய்க் கேட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் எஞ்சின் வேலை, பலகை வேலை, பெயின்ட் எல்லாம் நடக்கும். அண்ணாச்சிக்கு மூச்சு விட நேரமில்லை. இருந்தாலும் ஒரு நாள் வீட்டுப் பக்கம் வந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்பேனரைத் தொடவே இல்லை.

“இத இப்பிடியே வச்சுத் திருகுனா ஸ்டட்டுதான் முறியும் தாயி. நட்டு எங்கயும் ஓடிப் போவாது. நான் சொல்லுத எண்ணெய தெனமும் விட்டுட்டு இரு. தடைக்காலம் முடியட்டும், வாரேன்.”

அவர் சொன்ன எண்ணெய் கடையில் டின்னில் வருவது இல்லை. மண்ணெண்ணெயில் கொஞ்சம் பவர் ஸ்டீயரிங் ஆயில் கலந்தது. டபிள்யூடி-40 என்னிடம் இருந்தது. அதைக் காட்டினேன். அது ஈரத்தை விரட்டத்தான் நல்லது, சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார். பெயரிலேயே இருக்கிறது: டபிள்யூடி என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், தண்ணீரை விரட்டுவது. மெல்லிய எண்ணெய் மரை இடுக்கில் நுழைய வேண்டும், நுழைந்த பிறகு காயாமல் உள்ளே நிற்கவும் வேண்டும். மண்ணெண்ணெய் நுழைந்து போகும், ஸ்டீயரிங் ஆயில் நிற்கும்.

எண்ணெய் விடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கம்பி பிரஷ் போட்டு நட்டைச் சுற்றியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டட் மரையையும் இரும்பு தெரிகிற வரை தேய்க்க வேண்டும். பிறகு ஊசியை வைத்து, நட்டும் ஸ்டட்டும் சேருகிற வட்டத்தில் இறுகிப்போன மண்ணையும் பழைய பெயின்ட்டையும் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். அந்த வட்டம் அடைத்திருந்தால் எத்தனை டின் எண்ணெய் ஊற்றினாலும் மேலே வழிந்து தரையில்தான் விழும். நான் அதை எடுத்தபோது செம்மண், கிரீஸ், உப்பு மூன்றும் சேர்ந்து கல்லாகி, ஊசி முனையில் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. கடைசித் துண்டு வந்த பிறகு விட்ட சொட்டு மேலே நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கியது.

தினமும் சாயங்காலம் இரண்டு பக்கமும் நான்கைந்து சொட்டு. அதோடு சின்னச் சுத்தியலால் நட்டின் மேலும் பக்கங்களிலும் லேசாகத் தட்டல். ஓங்கி அடிக்கக் கூடாது. துரு என்பது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும் பொருள். மரைக்கும் மரைக்கும் நடுவே அது அடைத்து நின்று ஆப்பு வைத்தாற்போல இறுக்கிவிடும். தட்டத் தட்ட அது நொறுங்கும். நொறுங்கிய இடுக்கில் எண்ணெய் போகும். அண்ணாச்சிக்கு நேரம் கிடைக்காததே இந்த வேலைக்கு நல்லதாகிவிட்டது. கூலி வாங்குகிற பட்டறையில் ஒரு நட்டுக்காக யாரும் வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. சாயங்காலத்துக்குள் வண்டியை விட வேண்டும், வாடகை கட்ட வேண்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சொந்த வண்டியை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களிடம் அந்த நேரம் இருக்கிறது. அதைச் செலவழிக்காமல் கிரைண்டரைத் தேடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் கடைசியில் அண்ணாச்சி வந்தார். வரும்போது ஒரு சாக்குப் பையில் இஞ்சு ஸ்பேனர்கள், ஆறு முனை சாக்கெட் ஒரு செட், அரம், கையடக்கமான கேஸ் டார்ச்.

இடது நட்டை முதலில் எடுத்தோம். மூலை போன நட்டில் எந்த ஸ்பேனரும் பிடிக்காது என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணாச்சி சொன்ன வழி எளிமையானது. நட்டின் அகலம் 13.34. ஆறு பக்கத்தையும் அரத்தால் ராவிப் பதிமூன்றுக்குக் கொண்டு வந்தால், பதிமூன்று சாக்கெட்டை அதன் மேல் அடித்து இறக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் எடுக்க வேண்டியது 0.17 மி.மீ. மட்டும். தட்டையான மெல்லிய அரத்தை இரண்டு கையாலும் பிடித்து, எதிரெதிர்ப் பக்கங்களை ஜோடி ஜோடியாக ராவினேன். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை வெர்னியர். பதிமூன்றுக்குக் கொஞ்சம் மேலே, 13.05 அளவிலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார். “தானா போய் உக்காந்தா பிடிக்காது. அடிச்சு எறக்கணும்.”

ராவி முடித்தபோது மழுங்கிய மூலைகளுக்கு நடுவே புதிதாக வெள்ளையாக ஆறு தட்டைப் பக்கங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஆறு மி.மீ. நீளம் இருக்கும். அந்த ஆறு மி.மீ. போதும். ஆனால் சாக்கெட் ஆறு முனையாக இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற பன்னிரண்டு முனை சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் மூலைக்கு அருகில்தான் பிடிக்கும். மூலையே இல்லாத நட்டில் அவை மறுபடியும் வழுக்கிவிடும்.

சாக்கெட்டை அடித்து இறக்குவதற்கு முன் சூடு. கேஸ் டார்ச்சைக் கையில் எடுக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பக்கத்தில் இருப்பது அலுமினியம். இரும்பு சூடேறினால் சிவக்கும், நமக்குத் தெரியும். அலுமினியம் சிவக்காது, 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவை என்றால் அதற்கும் முன்னாலேயே இளகிவிடும். அப்படியே இருப்பதாகத் தெரியும், திடீரென்று தொங்கிவிடும். கேஸின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றினோம். பெட்ரோல் டேங்கும் கார்பரேட்டரும் ஏற்கெனவே வெளியே, பேட்டரியும் வெளியே. நட்டின் மேல் இருந்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, சின்ன ஜுவாலையை நட்டின் மேல் மட்டும் காட்டினார். ஸ்டட்டின் முனையில் படாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஸ்டட்டின் விட்டம் 5/16 இஞ்சு, அதாவது 7.94 மி.மீ. இரும்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு விரியும். நட்டு 300 டிகிரி ஏறினால் அதன் துளை சுமார் 0.03 மி.மீ. பெரிதாகும். வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போது பிள்ளைகள் இவ்வளவுதானா என்று பார்ப்பார்கள். மரைக்குள் இறுகியிருக்கிற துருவின் பிடியை உடைக்க அந்த அளவு போதும். ஸ்டட்டும் சேர்ந்து சூடானால் அதுவும் விரிந்துவிடும், பலன் பாதியாகும். அதனால்தான் ஜுவாலை சின்னதாக, சீக்கிரமாக, நட்டின் மேல் மட்டும்.

நட்டு நீல நிறம் ஏறியதும் டார்ச்சை அணைத்துவிட்டு, வீட்டிலிருந்த மெழுகுவர்த்தியைக் கேட்டார். அதன் முனையை நட்டும் ஸ்டட்டும் சேருகிற வட்டத்தில் தொட்டார். மெழுகு உருகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அந்த இடுக்கில் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. கொஞ்சம் புகை. மறுபடி தொட்டார், மறுபடி போனது. நட்டின் மறுபக்கத்தில், தகட்டோடு சேரும் இடத்தில் மெழுகு ஈரமாகத் தெரிந்த பிறகுதான் நிறுத்தினார். இவ்வளவு காலம் நாம் சொட்டுச் சொட்டாக விட்டது எங்கே வரை போயிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கி, ராட்செட் இல்லாமல் நேர்க் கம்பியைப் போட்டுக் கொடுத்தார். “மொதல்ல இறுக்கு.” கழற்றும் திசையில் போகாமல் இறுக்கும் திசையில் ஒரு சின்ன அழுத்தம். துருவின் பிடி எந்தத் திசையில் விட்டாலும் விட்டதுதான். கம்பியில் டக் என்று ஓர் அதிர்வு, கைக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு கழற்றும் பக்கம். காய்ந்த கதவு போல முனகிக்கொண்டே வந்தது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய். நேரே இழுத்துக்கொண்டே வந்தால் பொடிந்த துரு மரைக்குள் உருண்டு மறுபடி அடைத்துவிடும். நட்டு கையில் வந்தபோது உள்ளே மரை முழுசாக இருந்தது. ஸ்டட்டின் மரையும் முழுசாக இருந்தது.

வலது பக்கம் வேறு மாதிரி.

அந்த நட்டு மழுங்கவே இல்லை. பதிமூன்று சாக்கெட் அதில் சுகமாகப் போய் உட்கார்ந்தது. அதுவே எனக்குச் சந்தேகம். இந்த வண்டியில் எந்த நட்டிலும் பதிமூன்று சுகமாக உட்காரக் கூடாது. துருவைத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் நட்டின் முகத்தில் ‘8’ என்று அடித்திருக்கிறது. மெட்ரிக் நட்டுகளின் வலிமையைக் குறிக்கிற எண் அது. யாரோ எம்8 நட்டைப் போட்டிருக்கிறார்கள்.

5/16 இஞ்சு ஸ்டட்டின் விட்டம் 7.94, எம்8-இன் விட்டம் 8. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கையால் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறவும் ஏறும். ஆனால் பி.எஸ்.எஃப் மரை ஓர் இஞ்சுக்கு 22, அதாவது மரைக்கு மரை 1.15 மி.மீ. எம்8 மரைக்கு 1.25. கோணமும் வேறு, ஒன்று 55 டிகிரி, இன்னொன்று 60. ஒவ்வொரு மரைக்கும் 0.1 மி.மீ. தள்ளித் தள்ளிப் போய், நாலைந்து மரைக்குள் நட்டு நின்றுவிடும். அங்கே ஸ்பேனரை மாட்டி இழுத்தால் மரையை நசுக்கிக்கொண்டு மேலும் ஏறும். இறுக்குகிறவர் கைக்கு நல்லா டைட் ஆகுது என்று தோன்றும். நிஜத்தில் தகட்டை அது பிடிக்கவே இல்லை, ஸ்டட்டைத்தான் பிடித்திருக்கிறது. முன் பிளேட் இத்தனை வருடம் ஆடியதற்குக் காரணம் அங்கே இருந்தது.

மெழுகும் எண்ணெயும் இதற்கு உதவாது, துரு மட்டும் பிடித்த நட்டு இல்லை இது. திருகி எடுத்தால் உள்ளே இருக்கிற மிச்ச மரையையும் சேர்த்து உருவிக்கொண்டு வரும், அல்லது ஸ்டட் முறியும். அண்ணாச்சி நட்டையே பலி கொடுத்துவிடலாம் என்றார். சின்ன கிரைண்டரில் மெல்லிய தட்டு போட்டு, நட்டின் ஒரு பக்கத்தை ஸ்டட்டைத் தொடாமல் மயிரிழை மிச்சம் வைத்து வெட்டினார். அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு அடி. நட்டு வாய் பிளந்து தளர்ந்தது. விரலாலேயே எடுத்தேன். உள்ளே பார்த்தால் முதல் இரண்டு மரை சரி, அடுத்தது சாய்ந்து, அதற்குப் பின்னால் வெறும் வழவழப்பு.

நட்டு இரண்டும் போயாயிற்று, ஸ்டட் அசையவில்லை. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அரிக்கப்படுவது அலுமினியம்தான். அது வெள்ளைப் பொடியாக மாறி, வீங்கி, துளைக்குள் ஸ்டட்டைச் சுற்றிச் சிமென்ட் வைத்துப் பூசியதாக நிற்கும். இங்கே சுத்தியலை எடுத்து ஸ்டட்டின் முனையில் ஓங்கி அடிக்கிறவர்கள்தான் கிராங்க் கேஸின் காதை உடைக்கிறார்கள்.

நாங்கள் அடிக்கவில்லை, முதலில் திருகினோம். நல்ல மரை இருந்த இடது முனையில் புது 5/16 பி.எஸ்.எஃப் நட்டு இரண்டைப் போட்டு, ஒன்றோடொன்று எதிராக இறுக்கிப் பூட்டினோம். அப்போது அந்த ஜோடி ஸ்டட்டுக்குத் தலை மாதிரி ஆகிவிடும். கேஸை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினேன், ஜுவாலை கிடையாது. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடுகிற அளவு, 150 டிகிரி பக்கம். இரும்பைப் போல் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும் என்பதால் இங்கே சூடு நம் பக்கம் வேலை செய்யும். சரியாக 1/4 டபிள்யூ ஸ்பேனரை உள் நட்டில் மாட்டி, இந்தப் பக்கம் துளி, அந்தப் பக்கம் துளி. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி நீளமாக்கலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். இவ்வளவு மெல்லிய ஸ்டட்டுக்குக் கையளவு ஸ்பேனரே அதிகம். மறுபடி சூடு, மறுபடி எண்ணெய், ஆறவிட்டு மறுபடி. கடைசியில் வலது முனையில் ஸ்டட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அதுதான் அறிகுறி. திரும்ப ஆரம்பித்த பிறகு செப்புக் கம்பியை முனையில் வைத்துத் தட்டித் தட்டி வெளியே எடுத்துவிட்டோம். கேஸின் துளையில் கீறல் கூட இல்லை.

அண்ணாச்சி காபி குடித்துவிட்டு, கூலி வாங்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை.

புது ஸ்டட்டை லேத் பட்டறையில் ஈ.என்.8 எஃகுக் கம்பியில் கடைந்து, 22 மரை போட்டு வாங்கினேன். மெட்ரிக் போட்டுத் தருகிறேன், நட்டு எங்கேயும் கிடைக்கும் என்றார் லேத்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஸ்டட் மெட்ரிக், மற்றது இஞ்சு என்று கலந்தால் அடுத்து இந்த வண்டியைத் தொடுகிறவர் மறுபடி தப்பான நட்டைத்தான் போடுவார். ஸ்டெயின்லெஸ்ஸில் போடு, துருவே பிடிக்காது என்றும் சிலர் சொன்னார்கள். துரு பிடிக்காது, சரி. உப்புக் காற்றில் அலுமினியத்துக்குள் அதுவும் இதே மாதிரி பிடித்துக்கொள்ளும். எது போட்டாலும் நடுவே ஈரம் போகாமல் தடுக்க வேண்டும், அதுதான் விஷயம். ஸ்டட்டின் முழு நீளத்துக்கும் காப்பர் கிரீஸ் தடவி மாட்டலாம் என்று வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி தடவி மாட்டவும் திட்டம்.

நட்டு ராவ முடியாத அளவுக்குப் போய்விட்டால்? பெரிய நட்டு ஒன்றை அதன் மேல் வைத்து, துளைக்குள்ளே ஆர்க் வெல்டிங் வைப்பார்கள். பிடிக்கத் தலையும் கிடைக்கும், சூடும் சேர்ந்து கிடைக்கும். நல்ல வழிதான், வெல்டிங்காரர் கை பழகியவராக இருந்தால். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். ஸ்டட்டை உள்ளிருந்து பிடித்துத் திருகி எடுக்கிற ஈஸி அவுட் கருவி பற்றி மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. துருப்பிடித்து நிற்கிற ஸ்டட்டில் துளை போட்டு அதைத் திருகினால், முறிவது பெரும்பாலும் ஈஸி அவுட்டாகத்தான் இருக்கும். அது கெட்டியான இரும்பு. முறிந்து உள்ளே நின்றால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. டைமிங் கவரின் பள்ளத் தலை ஸ்க்ரூக்களுக்கு, சுத்தியலால் அடித்தால் தானே திரும்புகிற இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிவையுங்கள். புல்லட் வைத்திருக்கிற எல்லோருக்கும் அது கட்டாயம் தேவைப்படும்.

இஞ்சு ஸ்பேனர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சென்னை என்றால் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் தேடலாம். துறைமுக ஊர்களில் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடக்கும். வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பாமல் வாய் விரிந்திருக்கிறதா என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள், 13.34 இருக்க வேண்டியது 13.6 காட்டினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். என் டூல் பையில் இப்போது 3/16, 1/4, 5/16, 3/8 நான்கும் இருக்கின்றன. பதினாலாம் நம்பரை அந்தப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

எஞ்சின் இப்போது கிராங்க் வேலைக்குப் போயிருக்கிறது. காலியாக நிற்கிற சேஸிஸில் பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் அச்சுக் கம்பியும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் இரண்டு முனையையும் சுத்தம் செய்து எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டேன்.